“மூன்று வேளை” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்: மருந்து எழுதுவோருக்கும் எடுத்துக் கொடுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். மருந்தியல் கற்பிக்கிறவர்களும் மருந்தகப் பணியில் இருக்கிறவர்களுமாகச் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மருந்துச் சீட்டிலும் மாத்திரை உறையிலும் எழுதும் கட்டளையோடு அதன் காரணத்தையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

“சாப்பாட்டுக்கு முன்”, “மூன்று வேளை”, “உடைக்கக் கூடாது”, “நீங்களாக நிறுத்தாதீர்கள்”. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளிக்குப் போய்ச் சேர்வது கட்டளை மட்டும். வீட்டுக்குப் போனதும் வேலை, பயணம், தூக்கம், மறதி என்று ஏதோ ஒன்று குறுக்கே வரும். ஏதாவது ஒரு விதியைத் தளர்த்தியே ஆக வேண்டியிருக்கும். எதைத் தளர்த்தினால் பரவாயில்லை, எதைத் தளர்த்தினால் மருந்து வீண், எதைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எல்லாக் கட்டளையும் ஒரே தொனியில் வருவதால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தளர்த்துகிறார். இதை நோயாளியின் பொறுப்பின்மை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை என்றே நினைக்கிறோம்.

முதலில் அந்த “மூன்று வேளை”யையே எடுத்துக்கொள்வோம். அமாக்ஸிசிலின் 500 மி.கி., மூன்று வேளை. நோயாளி காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 1 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று போடுகிறார். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். ஆனால் இடைவெளிகள் 5 மணி, 7 மணி, 12 மணி. சிறுநீரகம் நன்றாக இருப்பவரின் ரத்தத்தில் அமாக்ஸிசிலினின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஒரு மணி. உச்ச அளவைத் தொட்ட பிறகு ஒரு மணி நேரத்தில் பாதி, இரண்டில் கால், மூன்றில் அரைக்கால், நான்கில் 16-ல் ஒரு பங்கு. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியைக் கொல்வது உச்ச அளவு எவ்வளவு உயரம் போனது என்பதைப் பொறுத்தல்ல; கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு மேலே மருந்து எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பொறுத்தது. இரு டோஸ்களுக்கு நடுவே பாதி நேரமாவது அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். 12 மணி நேர இரவு இடைவெளியில் அது நிற்காமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. அதே மூன்று மாத்திரையை காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போட்டால் கணக்கு சரியாகிவிடும். மாத்திரை எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை. “8 மணி நேரத்துக்கு ஒன்று, நடுவில் அதிக இடைவெளி விட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும்” என்று எழுதினாலே போதும்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி இல்லை. ஜென்டாமைசின் நேர்மாறானது. அதற்கு உச்ச அளவுதான் முக்கியம். ரத்தத்தில் அளவு இறங்கிய பிறகும் கிருமி சில மணி நேரம் எழ முடியாமல் கிடக்கும். அதோடு சிறுநீரகத்தையும் உட்செவியையும் பாதிக்கும் மருந்து அது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இருந்துகொண்டே இருந்தால் அந்த உறுப்புகளில் அதிகம் சேரும். அதனால்தான் பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளுக்கு ஒரு பெரிய டோஸாக ஏற்றுகிறோம். இரண்டுமே ஆன்டிபயாடிக்தான். ஒன்றை இடைவிடாமல் காக்க வேண்டும். மற்றதை ஓங்கி அடித்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் பாராசிட்டமாலில் கேள்வி வேறு. அங்கே இடைவெளி கூடினால் வலி திரும்பும், அவ்வளவுதான். இடைவெளி குறைந்தால்தான் வினை. டோஸுக்கு டோஸ் குறைந்தது 4 மணி நேரம். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர், ஊட்டம் குறைந்தவர், தினமும் மது அருந்துகிறவர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு அதைவிடக் குறைவு. காரணம் கல்லீரலில் இருக்கிறது. பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றுகிறது. சிறு பங்கு ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. அதைக் கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. டோஸ் அளவு மீறினால் நச்சு கூடும், குளுட்டாதயோன் இருப்பு தீரும், மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். நோயாளி வாந்தியும் வலியும் முற்றி வந்து சேரும்போது அந்த நேரம் கடந்திருக்கும். சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று மூன்று பெயரில் ஒரே பாராசிட்டமால் ஒரே பையில் போகிறதா என்று பார்ப்பது மருந்தாளுநரின் கையில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு, “இந்த மூன்றிலும் இருப்பது ஒரே மருந்து, சேர்த்துப் போடாதீர்கள்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அரை ஆயுள் என்றால் அடுத்த டோஸ் எப்போது என்பது மட்டுமல்ல, எப்போது முழுப் பலன் தெரியும் என்பதும் அதில் அடங்கும். தினமும் ஒரே அளவு மருந்து உள்ளே போகிறது. வெளியேறுவது உள்ளே இருப்பதன் அளவைப் பொறுத்தது. அதனால் ரத்த அளவு மெல்ல ஏறி ஒரு சமநிலையில் நிற்கும். ஒரு அரை ஆயுளில் அந்தச் சமநிலையின் 50 சதவீதம், இரண்டில் 75, மூன்றில் 87.5, நான்கில் 94, ஐந்தில் 97. டோஸ் சிறிதோ பெரிதோ, இந்தக் காலம் மாறாது. ரத்த அழுத்த மருந்தான ஆம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். அது சமநிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இது தெரியாத நோயாளி இரண்டாம் நாள் ரத்த அழுத்தம் பார்க்கிறார், குறையவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார் அல்லது தானே இரண்டாக்கிக்கொள்கிறார். தைராய்டு மருந்தான லெவோதைராக்சினின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். டோஸை மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதனால்தான். இரண்டாம் வாரத்தில் பரிசோதித்து டோஸை மறுபடி மாற்றுகிறவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தராசு முள்ளைப் பார்த்து எடை எழுதுகிறார்.

ரத்தத்தில் மருந்து இருக்கும் காலமும் பலன் இருக்கும் காலமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்பிரின் ரத்தத்தில் 15 முதல் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அது ரத்தத் தட்டுகளில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டுக்கு உட்கரு இல்லை. புதிய நொதியை அதனால் செய்துகொள்ள முடியாது. அந்தத் தட்டு அழிந்து புதியது வர 7 முதல் 10 நாள். அதனால்தான் நாளுக்கு ஒரு சிறிய மாத்திரை போதுமாகிறது. அதனால்தான் சில அறுவை சிகிச்சைகளுக்குப் பல நாள் முன்பே அதைப் பற்றிக் கேட்கிறோம். இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஐபுப்ரோஃபென் அதே நொதியின் அதே பள்ளத்தில் போய் உட்காரும், சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். அது உட்கார்ந்திருக்கும்போது ஆஸ்பிரின் வந்தால் இடம் கிடைக்காது. இடம் காலியாகும்போது ஆஸ்பிரின் ரத்தத்தில் இருக்காது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கிறவருக்கு மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி. தவிர்க்க முடியாதபோது, ஆஸ்பிரினை முதலில் விழுங்கி அரை மணி நேரமாவது கழித்து அதைப் போட வேண்டும், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். குடல் பூச்சு உள்ள ஆஸ்பிரின் மெதுவாகக் கரைவதால் அதற்கு இந்த அரை மணி நேரக் கணக்கை நம்ப முடியாது. பாராசிட்டமால் கொடுக்க முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இனி “சாப்பாட்டுக்கு முன், பின்”. இந்த இரண்டு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிறு புரட்டாமல் இருக்க. ஒரு நாள் தவறினால் குமட்டலாம், மருந்து வீணாகாது. லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் சொல்வது உறிஞ்சுதலுக்காக. கால்சியம், இரும்பு மாத்திரைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். உணவும் காபியும்கூட உறிஞ்சுதலைக் குறைக்கும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு வெறும் தண்ணீரோடு, கால்சியத்துக்கும் இரும்புக்கும் 4 மணி நேரம் தள்ளி. இதைத் தளர்த்தினால் விழுங்கிய டோஸில் ஒரு பகுதி ரத்தத்துக்கே வராது. சிப்ரோஃப்ளாக்சசினும் இப்படித்தான்: கால்சியம், இரும்பு, துத்தநாகம், அமில எதிர்ப்பு மருந்து எதுவானாலும் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு. ஒரே சீட்டில் சிப்ரோஃப்ளாக்சசினும் சத்து மாத்திரையும் எழுதி, இரண்டையும் “காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்” என்று முடிப்பது, ஆன்டிபயாடிக்கை எழுதிய கையாலேயே அதில் பாதியை அழிப்பது போன்றது.

மூன்றாவது காரணம் நேரம் சார்ந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோலின் அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள்தான். வேலை செய்துகொண்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டுமே அது முடக்கும், தூங்கும் பம்பைத் தொடாது. பம்புகள் விழிப்பது உணவு வரும்போது. ஆக, மருந்து ரத்தத்தில் நிறைந்திருக்கும் வேளையும் பம்புகள் விழிக்கும் வேளையும் ஒன்றாக அமைய, உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்க வேண்டும். முன்பு விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் போனாலும் பலன் குறையும். முதல் நாளே எல்லாப் பம்பும் மாட்டாது. 3 முதல் 5 நாளில்தான் முழுப் பலன். “நெஞ்செரிச்சல் வந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று இதைக் கொடுத்தால் நோயாளி ஏமாற்றமடைவார். வந்த எரிச்சலை உடனே அடக்க அமில எதிர்ப்பு மருந்துதான் ஏற்றது.

எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டில் காரணம் இரட்டை. விழுங்கியதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை. உணவு கூட வந்தால் அந்தத் துளியும் போய்விடும். அதோடு உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். அதனால் எழுந்ததும் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீர், பிறகு 30 நிமிடம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். “படுத்தால் தொண்டைக்குக் கீழே புண் வரும்” என்று சொல்லிப் பாருங்கள், யாரும் படுக்க மாட்டார்கள்.

மாத்திரையின் உருவமே சிகிச்சையின் பாகம் என்பதையும் நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை. விழுங்கக் கஷ்டம் என்றால் பொடித்துத் தண்ணீரில் கரைப்பது வீட்டில் சாதாரணம். சாதாரண மாத்திரையில் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் 24 மணி நேரம் மெல்லக் கசியும்படி செய்த நிஃபெடிபின் மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கி ரத்த அழுத்தம் திடீரென்று சரியும். இப்படிப்பட்ட சில மாத்திரைகளின் கூடு கரையாமல் அப்படியே மலத்தில் வரும். அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்யவே இல்லை என்று பயந்து அடுத்ததைப் பொடிக்கிறார்கள். “வெற்றுக் கூடு வெளியே வரலாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது” என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தப் பயமும் இல்லை, பொடிப்பதும் இல்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசரைல் டிரைநைட்ரேட் இன்னொன்று. விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், உடலைச் சுற்றும் முன்பே பெரும்பகுதி அழிந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் கல்லீரல் வழியே போகாமல் நேரே ரத்தத்தில் கலந்து ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும். அதை அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே மூடி வைக்க வேண்டும். மருந்து ஆவியாகும் தன்மை உடையது, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும்.

“எத்தனை மில்லிகிராம்” என்பதைப் பற்றிய குழப்பம் நோயாளிகளிடம் மட்டும் இருப்பதில்லை. 500 மி.கி. மாத்திரை 5 மி.கி. மாத்திரையைவிட நூறு மடங்கு வலுவானது என்று பலர் நம்புகிறார்கள். மருந்து வேலை செய்வது பெரும்பாலும் செல்லின் ஏற்பியிலோ நொதியிலோ பொருந்தி. எவ்வளவு எளிதில் பொருந்துகிறது என்பது மருந்துக்கு மருந்து மாறும். சிறுநீர் போக்கியான ஃபியூரோசெமைட் 40 மி.கி. செய்யும் வேலையை பியூமெட்டனைட் 1 மி.கி. செய்யும். எடையைப் பார்த்து இரண்டாவதை இளைத்தது என்று சொல்ல முடியாது. அதே போல டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. ஏற்பிகள் நிரம்ப நிரம்பக் கூடுதல் டோஸுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் சுருங்கிக்கொண்டே போகும். அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. கெட்ட கொழுப்பை 35 முதல் 40 சதவீதம் வரை குறைக்கிறது என்றால், 20 ஆக்கும்போது கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதப் புள்ளி, 40 ஆக்கும்போது இன்னொரு 6. பக்கவிளைவு மட்டும் இப்படிச் சுருங்குவதில்லை. டோஸைக் கூட்டுவதா, வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதா என்ற முடிவில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

வலிப்பு மருந்தான ஃபெனிடாய்னில் இதற்கு நேர் எதிரான ஆபத்து. அதை அழிக்கும் கல்லீரல் நொதி சிகிச்சை அளவிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு டோஸைச் சற்றே கூட்டினாலும் ரத்த அளவு செங்குத்தாக ஏறும். பாடநூல் சராசரியை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர், நாளொன்றுக்கு அதிகபட்சம் அழிக்கக்கூடியது 490 மி.கி.; நொதி பாதி வேகத்தில் ஓடும் ரத்த அளவு லிட்டருக்கு 4 மி.கி. நாளுக்கு 300 மி.கி. கொடுத்தால் சமநிலை அளவு 6.3, பலன் தரும் வரம்பான 10–20-க்குக் கீழே. 400 கொடுத்தால் 17.8, நல்ல இடம். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்று 450 ஆக்கினால் 45. கூட்டிய ஐம்பது மில்லிகிராமிலேயே நோயாளி தள்ளாடுவார், கண்விழி தானே ஆடும், பேச்சு குழறும். மாத்திரையில் மருந்து உப்பு வடிவில் இருப்பதால் வரும் சிறு வேறுபாட்டை இங்கே விட்டிருக்கிறோம், சித்திரம் மாறாது. மேல் பகுதியில் 25 அல்லது 30 மி.கி. படிகளாகத்தான் ஏற வேண்டும். சமநிலைக்கு வரவும் வழக்கத்தைவிட அதிக நாளாகும்.

சிறுநீரகத்துக்கு வருவோம். இங்கே எங்கள் வருத்தம் அதிகம். “கிரியேட்டினின் 1.0, நார்மல்” என்று பார்த்துவிட்டு முதியவருக்கு முழு டோஸ் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. தசை குறைந்தவருக்குச் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் அந்த எண் நல்லபடியாகவே தெரியும். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட 1976-ல் காக்ராஃப்டும் கால்ட்டும் வெளியிட்ட சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஆல் பெருக்கிய கிரியேட்டினினால் வகுக்க வேண்டும், பெண்ணுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். 30 வயது, 70 கிலோ ஆணுக்கு கிரியேட்டினின் 1.0 என்றால் நிமிடத்துக்கு 107 மி.லி. அதே 1.0 உள்ள 80 வயது, 45 கிலோ மூதாட்டிக்கு 32. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே! டிகாக்சின், கபாபென்டின் போன்றவை பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே போகின்றன. இருவருக்கும் ஒரே டோஸ் எழுதினால் மூதாட்டிக்கு அது மூன்று மடங்கு டோஸ். வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினையே நிறுத்த வேண்டும். இந்த மூதாட்டிக்கு ஏற்கெனவே எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மருந்தும் சிறுநீர் போக்கியும் இருந்து, முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால், சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் வழியும் அழுத்தம் காக்கும் வழியும் ஒருசேர அடைபடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றும் நாளில் இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே முடங்கலாம். “வாந்தி, பேதி என்றால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று சொல்கிறோம்” என்ற ஒரு வரி அந்த உறையில் இருக்க வேண்டும்.

மருந்துக்கு மருந்து மோதும் கதை பெரியது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறோம். ஒன்று, மோதலின் வேகம். கிளாரித்ரோமைசின் போல, மருந்தை அழிக்கும் நொதியைத் தடுப்பவை ஓரிரு நாளிலேயே மற்ற மருந்தின் அளவை உயர்த்தும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினோடு சேர்த்தால் தசை சிதையலாம், அதனால் ஆன்டிபயாடிக் முடியும்வரை சிம்வாஸ்டாடினை நிறுத்தி வைக்கிறோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் போல நொதியைப் பெருக்குபவை ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும், நிறுத்திய பிறகும் அவ்வளவு காலம் நீடிக்கும். ரிஃபாம்பிசினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு டோஸைப் படிப்படியாகக் கூட்டியிருப்பீர்கள். ரிஃபாம்பிசின் முடிந்த நாளில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நொதி பழைய நிலைக்கு இறங்க இறங்க, கூட்டிய வார்ஃபரின் அளவு மீறி ரத்தம் கசியும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு ரிஃபாம்பிசின் எழுதினால், நிறுத்திய பிறகும் 4 வாரம் வேறு பாதுகாப்பு தேவை என்று சொல்ல வேண்டும். இரண்டு, நேரத்தைத் தள்ளி வைத்தால் எல்லா மோதலும் தீரும் என்ற நம்பிக்கை. குடலிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் கால்சியம், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு அது சரி. கிரேப்ஃப்ரூட் சாறு குடல் சுவரின் நொதியையே அழித்துவிடுவதால், அது புதிதாக உருவாக ஒரு நாளுக்கு மேலாகும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்பதில் பயனில்லை.

நிறுத்துவதைப் பற்றியும் காரணத்தோடு பேசுங்கள். ப்ரோப்ரானலால் போன்ற பீட்டா தடுப்பானைப் பல வாரம் எடுத்தவரின் இதயம், அடைபட்ட ஏற்பிகளுக்கு ஈடாகப் புதிய ஏற்பிகளை வளர்த்திருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை ஏற்பியும் ஒரே நேரத்தில் அட்ரினலினுக்குத் திறந்து நிற்கும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். மூன்று வாரத்துக்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். வீட்டில் மாத்திரை தீர்ந்த வாரத்தில் காய்ச்சலோ விபத்தோ வந்தால் உடல் சமாளிக்காது. இவர்களிடம் “தீரும் முன்பே வாருங்கள்” என்று சொல்வதும், “வலி போனால் நிறுத்திவிடலாம்” என்று பாராசிட்டமாலுக்குச் சொல்வதும் ஒரே தொனியில் இருக்கக் கூடாது.

குழந்தைகளின் சிரப்பில் நடக்கும் பிழை வெறும் கணக்குப் பிழை, ஆனால் கொடியது. 12 கிலோ குழந்தை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி.; ஒரு டோஸ் 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 7.5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3.6 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.8 மி.லி. “7.5 மி.லி.” என்று மட்டும் மனதில் பதிந்த தாய் அடுத்த முறை 250 புட்டியை வாங்கினால் 375 மி.கி. போகும், கிலோவுக்கு 31. சொட்டு மருந்துப் புட்டி என்றால் 750 மி.கி.; ஒரே டோஸில் கிலோவுக்கு 62.5. அதை நாளுக்கு நான்கு முறை, இரண்டு நாள் கொடுத்தால் கல்லீரல் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மி.லி.யை மட்டும் எழுதாதீர்கள், மி.கி.யையும் எந்தச் செறிவுப் புட்டி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டு ஸ்பூன் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அளவு சிரிஞ்சைக் கையில் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் காட்டுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தனியே குறிப்பிட வேண்டும். மூட்டு அழற்சிக்கும் சொரியாசிஸுக்கும் அது வாரம் ஒரு முறை மட்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியவர்கள் வாய்ப்புண், வெள்ளணுச் சரிவு என்று வந்து இறந்திருக்கிறார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் தவறு இது. இதைத் தடுக்க அதிகம் செய்ய வேண்டியதில்லை. “வாரம் ஒன்று” என்று எழுதாமல் கிழமையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரே ஒரு வலிமையில், 2.5 மி.கி. மாத்திரையாக மட்டும் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஃபோலிக் அமிலத்தையும் வேறு கிழமையில், கிழமைப் பெயரோடு.

நேரமில்லை என்பீர்கள். வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் மருந்தியல் பாடம் நடத்தச் சொல்லவில்லை. அவர் சீட்டில் இருக்கும் ஐந்து மருந்தில் எந்த ஒன்று தளர்த்தக் கூடாதது என்று தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் காரணம் சொன்னாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கும். சொன்ன பிறகு “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். “வீட்டில் இதை எப்படிப் போடப் போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். தவறு இருந்தால் அந்த இடத்திலேயே வெளியே வரும்.

உறையில் எழுதும் வரிகள் இப்படி இருந்தால் போதும். லெவோதைராக்சின்: “காலை எழுந்ததும், வெறும் தண்ணீரோடு. சாப்பாடும் காபியும் ஒரு மணி நேரம் கழித்து, கால்சியம் மாத்திரை 4 மணி நேரம் கழித்து. இல்லையென்றால் மருந்து உடம்பில் சேராது.” ஆம்லோடிபின்: “முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டவோ விடவோ வேண்டாம்.” அமாக்ஸிசிலின்: “காலை 6, மதியம் 2, இரவு 10. இடைவெளி நீண்டால் கிருமி மீண்டும் வளரும்.” ப்ரோப்ரானலால்: “திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. தீர மூன்று நாள் இருக்கும்போதே வாருங்கள்.” மெத்தோட்ரெக்சேட்: “திங்கட்கிழமை மட்டும். வேறு எந்த நாளிலும் வேண்டாம். வாயில் புண் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள்.”

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்களும் மருந்தாளுநர்களும் சிலர்